தண்ணீர் கிடக்கும்போது வாருங்கள்

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஒரு கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரயிலிலேயே விண்டர்மியர் ஏரிக்குப் போய்வந்தான். அந்த உற்சாகத்தோடு போன் செய்தவன், "இங்க கார் இல்லாமலே ஏரி ஏரியா சுத்திட்டோம் மச்சான். பொங்கலுக்கு ஊருக்கு வர்றோம். புதுக்கோட்டையில ஏரி நிறைய இருக்குன்னு அக்கா சொல்லுது. அதுக்குக் கார் எடுக்கணுமா, பஸ்லயே பார்த்துரலாமா?" என்று கேட்டான். அவன் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் மாவட்டத்தை அவன் பார்த்ததெல்லாம் கல்யாண மண்டபங்களின் ஜன்னல் வழியாகத்தான்.

கார் வேண்டுமா வேண்டாமா என்பது எங்கள் பக்கத்தில் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் மாதம் எது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து நீர்நிலைகள் பனியுகத்தில் பனிப்பாறைகள் பள்ளத்தாக்குகளைக் குடைந்து உண்டாக்கியவை. அங்கே எந்த மாதம் போனாலும் ஏரியில் தண்ணீர் இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. அவையெல்லாம் மனிதர்கள் மண்ணை வெட்டிக் கரை போட்டு மழையை நிறுத்திவைத்தவை. வெள்ளாறு, பாம்பாறு, அக்னியாறு எல்லாம் மழைக்கு ஓடி மழைக்குப் பிறகு மணலாகிவிடுகிற ஆறுகள். காவிரித் தண்ணீர் கிழக்கே கொஞ்சம் வருகிறது. மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு 1934ல் திறந்த கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கம் வந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. மற்ற ஊர்களுக்கெல்லாம் ஐப்பசி கார்த்திகை மழைதான். அந்த மழை ஒரு கண்மாயை நிரப்பி, கலிங்கு வழியாக வழிந்து, அடுத்த கண்மாய்க்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போகும். மேலே இருக்கிற ஊர் நிறையாமல் கீழே இருக்கிற ஊர் நிறையாது.

ஆகவே அவனிடம் சொன்னேன்: தை மாதம் சரியான மாதம். மார்கழியில் வந்தால் இன்னும் நல்லது. மாசி வரை தண்ணீரும் பறவைகளும் இருக்கும். பங்குனிக்கு மேல் வந்தால் கரையைத்தான் பார்க்கலாம். வைகாசியில் வருகிறவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மாதக் கணக்கெல்லாம் எனக்கு அப்பா கொடுத்தது. அவர் அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். எங்கள் வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வண்டி கிடையாது. ஆனாலும் அரைப் பரீட்சை விடுமுறையில் எங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போகாமல் அவர் இருந்ததில்லை. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் வழியாக இலுப்பூர் போகிற பஸ்ஸில் ஏறுவோம். ஜன்னலோரம் எனக்கு. எங்கள் ஊர்ப் பஸ் தடங்களில் பல இடங்களில் சாலையே கண்மாய்க் கரையை ஒட்டியோ கரைமேலேயோ போகும். பஸ் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பத்தடி கீழே வயல். நீர்மட்டம் வயலைவிட உயரத்தில் நிற்பதை அப்படிப் பார்த்தால்தான் புரியும். காரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கரையின் புல் மட்டும் தெரியும். நான் பஸ் பக்கம் பேசுவதற்கு இதுவே முதல் காரணம்.

சித்தன்னவாசலில் இறங்குவோம். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். முதலில் ஏழடிப்பட்டம். மலையின் மேல் ஏறி மறுபக்கம் கிழக்கே இறங்கினால், பாறையில் வெட்டிய படிகளுக்கு அப்பால் அந்தக் குகைத்தளம். சமணத் துறவிகள் படுத்த 17 கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பெரியதில் தமிழ்ப் பிராமி எழுத்து. அப்பா எங்களைப் படுக்கைகளைத் தொட விடமாட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்வார். பிறகு கிழக்கே கை காட்டுவார். மார்கழி வெயிலில் அந்தச் சமவெளி முழுக்க நீர்த்தகடுகள் மின்னும். "ஒவ்வொண்ணும் ஒரு ஊருடா" என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டார். அந்த மலையிலேயே நாவல் சுனை என்று ஒன்று உண்டு. அதன் நீருக்கடியில் ஒரு சிறு குடைவரைக் கோயில் இருக்கிறது என்று சொல்லி, தண்ணீரைக் குனிந்து பார்க்க வைப்பார்.

அதே மலையில் ஓவியம் தீட்டிய சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்கு அப்புறம்தான் போவோம். அந்த ஓவியத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். 1920ஐ ஒட்டி டி.ஏ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் அதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது கூரை. ஓவியத்தில் இருக்கிற நர்த்தகியைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். கூரையில் இருப்பது ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன், பறவைகள், யானை, எருமை, கையில் பூவோடு ஆண்கள். அறிஞர்கள் அதைச் சமணத்தின் சமவசரணக் காட்சியில் வரும் குளம் என்று விளக்குகிறார்கள். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஓவியன் தாமரைத் தண்டு நீரில் எப்படிச் சாயும், கெண்டை எப்படித் திரும்பும் என்பதை எங்கே பார்த்திருப்பான்? மலையிலிருந்து இறங்கினால் இருக்கிற ஏதோ ஒரு குளத்தில்தான் பார்த்திருப்பான் என்று நான் நம்புகிறேன். நிறைந்த கண்மாய் ஒன்றைப் பார்த்துவிட்டு அந்தக் கூரைக்குக் கீழே நிற்பதற்கும், நேராகக் காரில் வந்து நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முடிந்தால் குளத்தை முதலில் பாருங்கள்.

மைத்துனன் குடும்பம் தை மாதம் வந்து சேர்ந்தது. முதல் நாளைப் பஸ்ஸுக்கு என்று ஒதுக்கினேன். அவன் மனைவிக்கும் என் மனைவிக்கும் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். சித்தன்னவாசலை முடித்துக்கொண்டு, வழியில் ஒரு கண்மாய்க் கரையில் இறங்கிக்கொண்டோம். கண்டக்டர், "இங்கயா? ஊரு இன்னும் தள்ளி இருக்கு" என்றார். கரைதான் வேண்டும் என்றதும் விசில் கொடுத்தார்.

அந்தக் கரையில் கழிந்த முற்பகல்தான் அந்த விடுமுறையின் சாரம். நீரோரத்தில் நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றன. நடுவில் முக்குளிப்பான்கள். தூரத்தில் பட்டுப்போன கருவேல மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் தோளில் மண்வெட்டியோடு கரைமேல் வந்தார். அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி அவர். யார் வயலுக்கு எப்போது எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு.

தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காட்டி, "அது என்னங்கய்யா? கோயிலா?" என்று மைத்துனன் கேட்டான்.

"மடை தம்பி. குமிழி மடை. இப்ப இது வேலை செய்யல, ஷட்டர் போட்டாச்சு. எங்க அப்பாரு காலத்துல முங்கித்தான் திறப்பாக."

அவர் சொல்லச் சொல்ல, அவர் விட்ட இடங்களை நான் நிரப்பினேன். கண்மாயின் தரையில் ஒரு கல்தொட்டி. அதிலிருந்து கரைக்கு அடியில் வயலுக்குப் போகும் சுருங்கை. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, அது நீரோடி. தரையை ஒட்டிப் பக்கவாட்டில் சிறு துளைகள், அவை சேறோடி. தூண்களின் குறுக்குக் கற்கள் வழியாக இறங்கும் கழியின் நுனியில் இருக்கும் அடைப்பைத் தூக்கினால், மேலிருந்து தெளிந்த நீர் இறங்கும். அந்த இழுப்பில் அடியில் படிந்த சேறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறோடி வழியே வெளியேறும். வயலுக்கு நீரோடு வண்டலும் போகும், கண்மாயும் மேடாகாது. பல்லவர், பாண்டியர், சோழர் காலத்திலிருந்து இந்த அமைப்பு இந்த வட்டாரத்தில் இருக்கிறது. மடை வைத்துக் கொடுத்தவர் பெயரைத் தூணிலேயே வெட்டி வைத்திருப்பதைப் பல கண்மாய்களில் பார்க்கலாம். கோயில் கட்டியவருக்கு நிகராக மடை கட்டியவரையும் கல்லில் எழுதினார்கள். பொறியியல் படித்த மைத்துனன் செருப்பைக் கழற்றிவிட்டு நீரோரம் போய் நின்று அந்தத் தூண்களை வெகுநேரம் பார்த்தான். "இதைப் பத்தி எங்களுக்குக் காலேஜ்ல ஒரு வார்த்தை சொல்லல மச்சான்" என்றான். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தம் ஊர்க் கண்மாயின் மடை எப்படி வேலை செய்தது என்று தெரியும்?

மாலையில் புதுக்கோட்டைக்குத் திரும்பி, புதுக்குளத்தைச் சுற்றி நடந்தோம். 1878ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி நகரத்தைச் சீரமைத்தபோது புதுக்குளம், பல்லவன் குளம் ஆகியவற்றையும் சீர்செய்தார். நகரத்துக்குள் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய நீர்நிலை இவ்வளவு பெரிதாக இருப்பது பல ஊர்களுக்கு வாய்க்காதது. இரவு ஹோட்டலில் பிள்ளைகள் முட்டை மாஸை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் வாடகைக்குக் கார் எடுத்தோம். அது தேவைதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர் மூன்றையும் ஒரே நாளில் பஸ்ஸில் பார்க்க வேண்டுமென்றால் பாதி நாள் பஸ் நிறுத்தத்திலேயே போய்விடும். நார்த்தாமலை என்று ஒரு ரயில் நிலையம் திருச்சி, புதுக்கோட்டை பாதையில் இருக்கிறது. ஆனால் அங்கே இறங்குகிறவர்கள் மலைக்கு வர வேறு வண்டி பார்க்க வேண்டும். வயதானவர்கள் கூட வந்தால் கார் இல்லாமல் அந்தப் பக்கம் வேண்டாம்.

நார்த்தாமலையின் மேலமலைக்கு விடிந்ததும் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்குப் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். கண்மாய் நாட்டின் இன்னொரு முகம் அங்கே இருக்கிறது. கீழே மனிதர்கள் கரை போட்டு நிறுத்திய நீர், மேலே பாறையே தாங்கி வைத்திருக்கும் சுனைகள். தலையருவிச் சுனையின் நீருக்குள்ளே பாறையில் குடைந்த லிங்கம் இருக்கிறது. 1857ல் இராமச்சந்திரத் தொண்டைமானின் அரசி சுனையை இறைத்துவிட்டு அதை வழிபட்டார் என்று அருகில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இன்னும் மேலே போனால் விசயாலய சோழீச்சுவரம். வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை. முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி கட்டிய கோயில் மழையில் இடிந்து, மல்லன் விடுமன் என்பவர் மறுபடி எடுத்துக் கட்டியதாகக் கல்வெட்டு. எந்த மழைக்காக இந்த நாடு முழுவதும் கரை கட்டிக் காத்திருந்ததோ, அந்த மழையே ஒரு ஆண்டு கோயிலை இடித்திருக்கிறது. கோயில் வாசலில் நின்று பார்த்தால் கீழே இருக்கிற குளங்களும் அவற்றுக்கு நீர் வரும் வாரிகளும் வரைபடம் விரித்ததுபோல் தெரியும். மைத்துனன் மகள் ஒரு குளத்தையும் அடுத்த குளத்தையும் விரலால் இணைத்துக்கொண்டே வந்து, "இது நிறைஞ்சாத்தான் அது நிறையும்" என்றாள். முதல் நாள் நீர்ப்பாய்ச்சி சொன்னதை அவள் மறக்கவில்லை.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டையும், கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலில் மிஞ்சிய இரண்டு கோயில்களையும் பார்த்துவிட்டு, விராலிமலையில் மயில்கள் அடைகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வழியில் எத்தனையோ கண்மாய்கள் ஜன்னலைக் கடந்து போயின. டிரைவர் நல்ல மனிதர், கேட்டால் நிறுத்தியிருப்பார். காரில் இருக்கும்போது அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது, யாரும் கேட்பதில்லை.

அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று காரைக்குடி பஸ்ஸில் ஏறித் திருமயம் போனோம். அந்தத் தடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம். ரயில் நிலையமும் உண்டு. கிழவன் சேதுபதி 1687ல் கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி மேடையில் நின்றால் கோட்டையைச் சுற்றிலும் நீர் தெரியும். தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கார் இல்லாதவர் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் திருமயத்தைத்தான் சொல்வேன்.

வைகாசியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கண்மாய் வற்றி முழங்கால் அளவு நிற்கும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் பக்கங்களில் ஒவ்வொரு கோடையிலும் இது நடக்கும். என் சித்தப்பா என்னைத் தன் டி.வி.எஸ். 50ல் உட்காரவைத்து இருட்டோடு கூட்டிப்போவார். போய்ச் சேரும்போது கரை முழுக்க அயலூர் ஜனம். கையில் ஊத்தா, கச்சா, வலை, ஒன்றுமில்லாதவர்கள் கையில் பழைய வேட்டி. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்குவார்கள். மூங்கில் சிம்பில் பின்னிய ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவினால் விரால் துள்ளும். கெளுத்தி முள் குத்தினால் அன்று முழுக்கக் கடுக்கும். அங்கே பிடித்ததை விற்க மாட்டார்கள். அன்று அந்தச் சுற்று வட்டாரத்து வீடுகளில் எல்லாம் மீன் குழம்பு. இப்படி எல்லோருக்கும் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் மழை பெய்து கண்மாய் நிறையும் என்று நம்புகிறார்கள். வெளியூர்க்காரர் கரையில் நின்று பார்த்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் ஒரு கெண்டையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இதைப் பார்ப்பதற்குத் தேதி முன்னால் கிடைக்காது. அந்தப் பக்கத்து டீக்கடையில் கேட்டு வைத்துக்கொண்டு, சொன்ன நாளில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.

எல்லா ஆண்டும் எல்லாக் கண்மாயும் நிறைவதில்லை என்பதையும் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மழை பெய்த ஒரு ஆண்டிலும் நான் சிறுவயதில் நீந்திய ஒரு கண்மாய் வெறும் சீமைக்கருவேலங் காடாகக் கிடந்ததைப் பார்த்தேன். மேட்டில் தைலமரத் தோப்பு. அதைச் சுற்றி நீர் வெளியேறாதபடி வெட்டிய வரப்புகள். வரத்து வாரி இருந்த இடத்தில் பட்டா நிலம். மழை பெய்தும் ஒரு ஊரின் கண்மாய்க்கு நீர் வரவில்லை என்றால் அது இயற்கையின் குறை அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் மாவட்டத்தின் கிழக்கில் தென்னையையும் மாவையும் பலாவையும் சாய்த்துப் போட்ட பிறகு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுக் குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். மரத்தை இழந்தவர்கள் அடுத்த கோடையிலேயே குளத்தைத் தோண்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. நீங்கள் பார்க்க வருகிற நீர் அப்படிப்பட்டவர்களின் உழைப்பில் நிற்பது.

என் முடிவைக் கேட்டால், இரண்டு நாள் கிடைத்தால் ஒரு நாள் பஸ், ஒரு நாள் கார். ஒரு நாள்தான் என்றால் பஸ். தங்குவதற்குப் புதுக்கோட்டையே போதும். வருவதற்கு முன் அந்த ஆண்டு ஐப்பசியில் மழை எப்படி என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரில் வந்தால் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். மண்கரைமேல் வண்டியை ஏற்ற வேண்டாம், மழை ஈரத்தில் சக்கரத்தடம் விழுந்த இடத்தில்தான் கரை அரிக்கத் தொடங்கும். கொண்டுவருகிற பாட்டில்களைத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள். கரையில் உடைகிற கண்ணாடி அடுத்த மழையில் வயலுக்குப் போகிறது. நாற்று நடுகிற பெண்கள் அங்கே வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள்.